கடற்பஞ்சின் குடித்தனக்காரர்கள்

படைப்பில் சில ஜீவன்களுக்கு அழகு வாய்த்திருக்கிறது; மயிலையும் மானையும் பாடாத கவி இல்லை. சிலவற்றுக்கு அழகு இல்லாவிட்டாலும் உபயோகம் இருக்கிறது. எருமையை யாரும் வர்ணிப்பதில்லை, ஆனால் அதன் பாலை வேண்டாமென்று சொல்கிறவர்களும் இல்லை. கடற்பஞ்சு என்று ஒரு பிராணி இருக்கிறது. அது கரையில் ஒதுங்கிக் கிடக்கும்போது பார்ப்பவர்கள், யாரோ பழைய மெத்தையைக் கிழித்துக் கடலில் எறிந்துவிட்டார்கள் என்று எண்ணித் தாண்டிப் போவார்கள். அதற்குக் கண் இல்லை, வாய் இல்லை, நரம்பு இல்லை, இருதயம் இல்லை. தொட்டால் ஓடாது; கிள்ளினால் கத்தாது. அது பிராணியா தாவரமா என்பதே நெடுங்காலம் தீராத வழக்காக இருந்தது. 1825-ஆம் ஆண்டு வாக்கில் எடின்பரோ நகரில் ராபர்ட் கிராண்ட் என்ற வைத்தியர், உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றைப் பாத்திரத்து நீரில் இட்டு உற்றுப் பார்த்தார். அதன் துவாரத்திலிருந்து நீர் சிறு ஊற்றைப்போல ஓயாமல் பீறிட்டு வந்துகொண்டிருந்தது. வழக்கு அன்றே பிராணியின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று சொல்லலாம். இந்தக் கிராண்டிடந்தான் இளைஞர் சார்லஸ் டார்வின் கடல் பிராணிகளைப் பற்றி ஆரம்ப பாடம் கேட்டார்.

இப்பேர்ப்பட்ட ஜந்துவைப் பற்றி மந்தாரக்குப்பத்திலிருந்து எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமது ஊரில் கடல் கிடையாது. அலையைப் பார்க்க வேண்டுமானால் கடலூருக்குப் பஸ் ஏற வேண்டும். இங்கே உள்ளவை பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும், வெட்டிக் கொட்டிய மண்மேடும், கடைவீதியும், நம்முடைய பள்ளிக்கூடமுந்தான். ஆயினும், மேலே நிற்கிறவனுக்கு உள்ளே இருப்பது தெரியாது என்ற பாடத்தை மட்டும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1934-ல் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு இறக்கியபோது நீரோடு கரிய துண்டுகள் வெளிவந்தன. அதற்குமுன் அந்த மண்ணை உழுது விதைத்தவர்களுக்குத் தங்கள் காலடியில் ஒரு காடே கரியாகிப் புதைந்து கிடப்பது தெரியாது. பிறகு 1956-ல் நிலக்கரிக் கழகம் ஏற்பட்டதும், ஊர்கள் இடம் மாறியதும் எல்லாரும் அறிந்த சரித்திரம். அவ்வாறு இடம் மாறிய குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். இதை ஏன் சொல்கிறோம் என்பது பின்னால் விளங்கும்.

நிற்க. கடற்பஞ்சின் உடம்பு என்பது உண்மையில் ஓர் இறைப்பு யந்திரம். மேலெல்லாம் நுண்ணிய துளைகள். உள்ளே கிளை கிளையாகப் பிரியும் வாய்க்கால்கள். வாய்க்கால்கள் வந்து சேரும் சின்னஞ்சிறு அறைகள். ஒவ்வோர் அறையின் சுவரிலும் சாட்டை போன்ற இழையுடைய உயிரணுக்கள் நின்று, இரவு பகல் என்று பாராமல் அந்த இழையைச் சுழற்றி நீரை உள்ளே இழுக்கின்றன. சுண்ணாம்புக் கடற்பஞ்சு வகையில் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது பத்து சென்டிமீட்டர் உயரம், ஒரு சென்டிமீட்டர் பருமன். கைவிரலைவிடச் சற்றுப் பெரியது. அதனுள் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட அறைகள் இருக்கின்றன. அது ஒரு நாளில் இறைத்துத் தள்ளும் நீர் 22 லிட்டருக்கு மேல். நம் வீட்டுப் பெண்கள் கோடையில் இரண்டு குடம் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த விரலளவு ஜந்துவின் உழைப்பு விளங்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1907-ல் அமெரிக்காவில் வில்ஸன் என்ற பேராசிரியர் உயிருள்ள கடற்பஞ்சைத் துண்டாக்கி, நாட்டு வைத்தியர் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வதுபோலப் பட்டுத் துணியில் இட்டுப் பிழிந்தார். கீழே விழுந்தது வெறும் கலங்கல் நீர். அதில் மிதந்த அணுக்கள் மெல்ல ஊர்ந்து ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து, சில நாட்களில் மறுபடியும் கடற்பஞ்சு ஆகிவிட்டன. புராணத்தில் ஜராசந்தன் இரண்டு துண்டாகி ஒட்டிக்கொண்டான் என்று படிக்கிறோம். இதன் பக்கத்தில் அது பிரமாதமில்லை.

ஆனால் நாம் சொல்ல வந்தது வீட்டைப் பற்றியன்று. வீட்டில் குடியிருப்பவர்களைப் பற்றி. வாய்க்காலும் அறையுமாக ஒரு கட்டடம் பவளப் பாறையில் நிற்கிறது. உள்ளே ஓயாத நீரோட்டம். நீரோடு ஆகாரத் துணுக்கும் வாசல் தேடி வருகிறது. சுவரெல்லாம் சிலிக்கா ஊசிகள். பல வகைகளில் விஷச் சுவையும் உண்டு. ஆகையால் பெரிய மீன்கள் கிட்டே வந்து கடிக்கத் தயங்கும். காவலும் சாப்பாடும் குழாய்த் தண்ணீரும் உள்ள குவார்ட்டர்ஸ் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? கடற்பஞ்சுக்குள் புழு முதலிய பிராணிகள் வாழ்வதை இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பே கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். இன்று அந்தக் குடித்தனக்காரர்களின் ஜாபிதா மிகவும் நீளமானது. மயிர்க்கால்கள் உள்ள கடற்புழுக்கள்; ஒரு பக்கத்து இடுக்கி மட்டும் பெருத்த சொடுக்கு இறால்கள்; தத்துக்கிளியின் சாயலில் உள்ள சிறு ஓட்டுப் பிராணிகள்; ஐந்து மெல்லிய பாம்புக் கைகளை நெளித்துக்கொண்டு இடுக்கில் ஒளியும் பாம்பு நட்சத்திரங்கள்; படகின் அடியில் ஒட்டுகிற கொட்டலசுக்கு உறவான, கடற்பஞ்சின் சதையிலேயே புதைந்து வாழும் ஒரு வகை; சுண்டுவிரல் நீளமுள்ள மீன்கள். இவற்றில் எல்லாரும் யோக்கியமான குடித்தனக்காரர்கள் என்று சொல்ல மாட்டோம். சில புழுக்கள் வாடகை கொடாததோடு வீட்டையே சுரண்டித் தின்கின்றன. அப்படிப்பட்டவர்கள் நிலத்திலும் உண்டு.

எத்தனை பேர் குடியிருக்கலாம்? அமெரிக்காவின் தெற்குக் கோடியில் பிளாரிடாவுக்கு அப்பால் டிரை டோர்ட்டுகாஸ் என்ற தீவுகள் இருக்கின்றன. அங்கே கருத்துப் பருத்த ஒரு ஜாதிக் கடற்பஞ்சு வளர்கிறது. பெரியது துணி துவைக்கும் தொட்டி அளவு இருக்கும். அந்த அளவில் ஒன்றைப் பியர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் பிரித்து, உள்ளே இருந்த பிராணிகளைப் பொறுமையாக எண்ணி, 1932-ல் கணக்கு வெளியிட்டார். மொத்தம் 17,128. அவற்றில் 16,352 ஒரே இனத்துச் சொடுக்கு இறால்கள். நமது மந்தாரக்குப்பத்தின் பல தெருக்களைச் சேர்த்தாலும் இவ்வளவு தலை தேறுமா என்பது சந்தேகம். அந்த மனிதர் எண்ணி முடிக்கும்வரை அவர் வீட்டார் என்ன சொன்னார்களோ, அதை மட்டும் அவர் எழுதவில்லை.

இந்த இறால்களின் சமூக ஏற்பாடு வேறு விதமான ஆச்சரியம். தேனீக்கும் எறும்புக்கும் ராணி உண்டு என்பது குழந்தைக்கும் தெரியும். கடலில் அப்படி ஒன்று இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. 1996-ல் டஃபி என்ற அமெரிக்க விஞ்ஞானி, பெலீஸ் நாட்டுப் பவளப் பாறைகளில் உள்ள கடற்பஞ்சுகளுக்குள் வாழும் சொடுக்கு இறால் இனம் ஒன்றைப் பற்றி எழுதினார். முந்நூறுக்கு மேற்பட்ட இறால்கள் கூடி வாழும் குடியில் முட்டையிடுவது ஒரே ஒரு ராணி. பருத்த இடுக்கியுள்ள மற்றவை, அந்நியன் எவனாவது வாய்க்காலுக்குள் தலை நீட்டினால் எதிர்த்து நின்று விரட்டுகின்றன. ஒரு கடற்பஞ்சு ஒரு சமஸ்தானம். கோட்டை, அகழி, சேனை எல்லாம் அதிலேயே அடக்கம்.

புழுவிலும் ஓர் அதிசயம். ஆஸ்திரேலியாவின் வடகரையில் டார்வின் துறைமுகத்தருகே ஒரு கடற்பஞ்சின் வாய்க்கால்களில் வாழும் புழுவை 2012-ல் விஞ்ஞானிகள் வர்ணித்தார்கள். அதற்குத் தலை ஒன்றே. உடம்போ கிளைத்துக் கிளைத்து, வாய்க்காலுக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான வாலாகப் பரவியிருக்கிறது. ஆலமரத்தை ஒரு வீட்டின் குழாய்களுக்குள் வளர்த்தால் எப்படியிருக்கும், அப்படி. வீட்டின் அமைப்பே குடியிருப்பவனின் உடலமைப்பாகிவிட்டது.

வெளியில் இருப்பவர்களுக்கும் கடற்பஞ்சால் பிழைப்பு உண்டு. பவளமும் பாசியும் தாங்கள் உண்டாக்கும் சர்க்கரைச் சத்தில் ஒரு பகுதியை நீரில் கசியவிடுகின்றன. கரைந்துபோன சர்க்கரையை நண்டோ நத்தையோ அள்ளித் தின்ன முடியாது. கடற்பஞ்சு அதை உறிஞ்சிக்கொண்டு, தன் உயிரணுக்களை இடைவிடாமல் புதுப்பித்து, பழையவற்றை உதிர்க்கிறது. அந்த உதிரியைப் புழுவும் நத்தையும் பாம்பு நட்சத்திரமும் தின்கின்றன. அவற்றைப் பெரியவை தின்கின்றன. டச்சு நாட்டு டி கூய் முதலியவர்கள் 2013-ல் இதை நிரூபித்துக் காட்டினார்கள். பவளப் பாறையைச் சூழ்ந்த நீர் பளிங்குபோல் தெளிந்து சத்தற்று இருக்கையில், அத்தனை ஜீவராசிகள் எதைத் தின்று வாழ்கின்றன என்ற பழைய புதிருக்கு இது ஒரு விடை.

நமது கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் 1902-ல் முத்துச் சிப்பியை ஆராய வந்த ஹெர்ட்மன் துரையும் ஹார்னலும் வாரியெடுத்த கடற்பஞ்சுகளை இங்கிலாந்தில் டெண்டி என்ற பேராசிரியர் ஆராய்ந்து 1905-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். பாம்பனுக்கு அருகே உள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி 1927-ல் சென்னைக் கண்காட்சிச் சாலை தனி நூலே கொண்டுவந்தது. நாடு சுதந்திரம் அடைந்த அதே 1947-ல் ஏற்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1971-ல் தலைமையிடம் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில் இருந்தது. இன்றும் அங்கே அதன் கிளை இருக்கிறது. அந்நிலையத்தைச் சேர்ந்த பி. ஏ. தாமஸ் என்பவர் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் 275 வகைக் கடற்பஞ்சுகளை வரையறுத்துப் பட்டியலிட்டார். நம்மவர் ஒருவர், நம் கரையிலேயே உட்கார்ந்து, உலகம் மதிக்கும் வண்ணம் செய்த காரியம் இது. பாடப் புத்தகத்தில் இவர் பெயருக்கு ஒரு வரி இருந்தால் நன்றாயிருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

சென்ற மாசி மாதத்தில் வகுப்புப் பிள்ளைகளில் இருபது பேரை அழைத்துக்கொண்டு மண்டபம் போயிருந்தோம். தீவுகளைச் சுற்றி 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுக்கலாகாது. எடுக்க வேண்டிய அவசியமும் நேரவில்லை. வடகடல் ஓரத்தில் ஒரு முதியவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். அதில் கருணைக் கிழங்கைப்போலக் கரடுமுரடான கடற்பஞ்சு ஒன்று சிக்கியிருந்தது.

"வலைக்குப் பிடிச்ச சனியன் சார் இது. கண்ணியெல்லாம் அறுத்துப்பிடும்" என்றார்.

"கொஞ்ச நேரம் நமக்குக் கொடுங்கள், பெரியவரே. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்" என்றோம்.

"திருப்பிக் கொடுத்து நான் என்ன குழம்பா வைக்கப் போறேன்? எடுத்துக்குங்க" என்று சிரித்தார்.

வாளியில் கடல்நீர் மொண்டு அதை அமிழ்த்தி வைத்தோம். கத்தியால் பிளந்து பார்க்கலாம் என்று பையன்கள் ஆவலாக இருந்தார்கள். பிளக்க வேண்டாம், நீரில் பிராணவாயு குறையக் குறையக் குடியிருப்பவர்களே வெளியே வருவார்கள் என்று சொல்லிக் காத்திருந்தோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு துளையில் மயிரிழைபோல ஒரு கை எட்டிப் பார்த்தது; இன்னொரு கை; ஒரு பாம்பு நட்சத்திரம் முழுவதுமாக இறங்கிற்று. அதன்பின் வரிசையாக வந்தார்கள். வெளுத்த புழுக்கள், கண்ணாடிபோல உடம்பு தெரியும் இறால்கள், அரிசி நொய் அளவுள்ள நண்டு ஒன்று. பிள்ளைகள் நாற்பத்திரண்டு வரை நோட்டில் குறித்தார்கள். அதற்குமேல் குனிந்த தலைகள் வாளியையே மறைத்துவிட்டன. வாளிக்குள்ளிருந்து டக், டக்கென்று விரல் சொடுக்குவதுபோல ஓசை கேட்டது. இறால் தன் பெரிய இடுக்கியை அதிவேகமாக மூடும்போது நீர் பீறிட்டு ஒரு குமிழி உண்டாகிறது. ஓசை இடுக்கி மோதுவதால் அன்று, அந்தக் குமிழி உடைவதால் எழுகிறது என்பதை 2000-ஆம் ஆண்டில்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் நீர்மூழ்கிகளை ஒட்டுக்கேட்க முயன்றவர்களை இந்த ஓசை படாதபாடு படுத்தியிருக்கிறது.

எல்லாவற்றையும் மறுபடி கடலில் விடப் போகும் சமயத்தில், நெடுநேரம் பேசாமல் நின்ற ஒரு சிறுமி கேட்டாள்:

"சார், வீடு போயிட்டா உள்ளே இருக்கறதெல்லாம் எங்கே போகும்? வேற கடற்பஞ்சிலே சேத்துக்குமா?"

அவள் தாத்தாவின் ஊர் இன்று சுரங்கத்துக்குள் இருக்கிறது. அதை அவள் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அன்று மாலை தங்கியிருந்த சத்திரத்துத் திண்ணையில் அவளுக்கும் மற்றவர்களுக்கும் பிளாரிடாவில் நடந்ததைச் சொன்னோம். 1991-ல் பிளாரிடா விரிகுடாவில் நுண்பாசி பெருகி நீர் கலங்கிற்று. பரந்த பிரதேசத்தில் கடற்பஞ்சுகள் மடிந்தன. பியர்ஸ் எண்ணிய அதே கருப்பு ஜாதியும் அவற்றில் ஒன்று. அவற்றின் நிழலில் ஒண்டியிருந்த சிங்கி இறால் குஞ்சுகள் அகதிகளாகக் கிடைத்த இடுக்கிலெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு ஒளிந்தன. இடமில்லாத இடங்களில் குறைந்தே போயின. சொடுக்கு இறால்களுக்கு அப்படி மாற்று இடம் கிடையாது. ஒவ்வோர் இனமும் ஒன்றிரண்டு ஜாதிக் கடற்பஞ்சுகளில் மட்டுமே பிறந்து வளர்ந்து பழகியது. பிற்பாடு விஞ்ஞானிகள் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக் கேட்டபோது, கடற்பஞ்சு அழிந்த பகுதிகளில் கடல் அடங்கிப் போயிருந்தது. நடுக்கடலில் மிதந்து திரியும் குஞ்சுப் பிராணிகள் பல, இந்த ஓசையைக் கேட்டுத்தான் 'இங்கே ஊர் இருக்கிறது' என்று அறிந்து இறங்குகின்றன. ஓசை நின்ற இடத்துக்குப் புதுக் குடிகளும் வருவது குறைகிறது. பிளாரிடாவில் இப்போது கடற்பஞ்சுத் துண்டுகளைக் கொண்டுபோய்ப் பதியம் போடுகிறார்கள். அவ்வாறு பதித்த இடங்களில் ஓசை மெல்லத் திரும்புகிறதாம்.

பையன் ஒருவன், "அப்போ நம்ம கடல்லே?" என்றான். நமது கடலிலும் கஷ்டம் இல்லாமலில்லை. பல தலைமுறைகளாகப் பவளக் கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் படகு படகாகக் கொண்டுபோனார்கள். கல்லின் அடிவயிற்றில் ஒட்டியிருந்த கடற்பஞ்சும் அதன் குடிகளும் சூளையில் வெந்தன. அவற்றை யாரும் கணக்கில் வைக்கவில்லை. வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. கல் வெட்டுவது 2005-ஐ ஒட்டி நின்றது. பிறகு சூடு வந்தது. 2016-ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீர் காய்ந்து பவளங்கள் வெளுத்தபோது, உயிர்ப் பவளம் மூடியிருந்த பரப்பு நூற்றுக்கு 39 பங்கிலிருந்து சுமார் 23 பங்காகச் சுருங்கியதாகத் தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னார்கள். இதிலே கடற்பஞ்சு முழுச் சாதுவும் அன்று. துளைக்கும் ஜாதிகள் பவளத்தையும் முத்துச் சிப்பியையும் அரித்துப் பொடியாக்கும். கருஞ்சாம்பல் நிறத்து ஜாதி ஒன்று உயிர்ப் பவளத்தின்மேலேயே போர்வைபோலப் படர்ந்து கொல்வதைப் பாக் விரிகுடாவில் கண்டிருக்கிறார்கள். பவளம் தளர்ந்த இடத்தில் இந்த ஒரு ஜாதி பெருகினால், கடற்பஞ்சு அதிகமாகிவிட்டது என்று சந்தோஷப்பட முடியாது. ஆயிரம் குடி வாழ்ந்த பல வீடுகள் போய், ஒரே நீளமான மதில்சுவர் எழும்பியதாக அர்த்தம்.

இவ்வளவையும் குழந்தைகளிடம் சொல்வானேன், மனம் வாடுமே என்று உடன் வந்த ஆசிரியர் ஒருவர் பிறகு தனியே கேட்டார். கேள்வி கேட்ட பிள்ளைக்கு இனிப்பான பொய்யைக் கொடுத்து அனுப்புவதைவிட இது மேல் என்று நமக்குத் தோன்றிற்று. அவருக்கு அது முழுச் சம்மதம் இல்லை.

மறுநாள் காலையில் அதே முதியவர் தம் மரவள்ளத்தில் நாலைந்து பேராக ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். பாறைக்கு மேலாக வந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, "காதைப் பலகையிலே வச்சுக் கேளுங்க பிள்ளைங்களா" என்றார். வலைக்குப் பிடித்த சனியன் என்று சொன்ன அதே மனிதர்! இங்கே சத்தம் இருந்தால் மீன் இருக்கும் என்று அவர் அப்பா சொல்லிக் கொடுத்தாராம். பிள்ளைகள் வள்ளத்தின் அடியில் ஒருக்களித்துப் படுத்தார்கள். அந்தச் சிறுமி நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. "காஞ்ச முள்ளு எரியுற மாதிரி இருக்கு சார்" என்றாள். நோட்டைக் கேட்டு வாங்கி, தேதி போட்டு, இடத்தின் பெயரை முதியவரிடம் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டாள். அடுத்த மாசியிலும் இதே இடத்தில் கேட்டுப் பார்க்க வேண்டுமாம்.